வெளிநாட்டுக்குத் தொண்டராப் போறேன். முதல் பத்து வாரப் பயிற்சியை எப்படிக் கடந்தீங்க?

வாடிப்பட்டிப் பொண்ணு | மே 9

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு மதுரைக்குக்கிட்ட வாடிப்பட்டிப் பக்கம். ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியில படிச்சேன். அதுக்கப்புறம் அஞ்சு வருசமா மகளிர் குழுக்களோடதான் வேலை: வீட்டுத் தோட்டம், மண்புழு உரம், சொட்டுநீர் இதெல்லாம்.

இப்ப ஒரு தொண்டு அமைப்பு மூலமா ரெண்டு வருசத்துக்குத் தான்சானியா போறேன். ஜூன் முதல் வாரம் கிளம்பணும். போனதும் முதல் 10 வாரம் பயிற்சி. மொரோகோரோன்னு ஒரு ஊரு, அதுக்குப் பக்கத்துக் கிராமத்துல ஒரு குடும்பத்தோட தங்கணும். காலையில 4 மணி நேரம் சுவாஹிலி வகுப்பு, மதியத்துக்கு மேல வயல் வேலை, கடைசியில வாய்மொழித் தேர்வு. அதுல தேறுனாத்தான் வேலை செய்யுற ஊருக்கு அனுப்புவாங்களாம். சம்பளம் கிடையாது. தங்க, சாப்பிட, கைச்செலவுக்கு ஒரு தொகை தருவாங்க.

பெட்டியில என்ன வைக்கணும், எந்த ஊசி போடணும்னு கேக்க நிறைய இருக்கு. ஆனா உள்ளுக்குள்ள இருக்கிற பயம் வேற. நான் ஹாஸ்டல்லகூட இருந்ததில்ல. காலேஜுக்குத் தினமும் பஸ்ல போயிட்டு வந்தவ. அப்பா இல்ல, வீட்டுல நானும் அம்மாவும்தான். முன்னப்பின்ன தெரியாத வீட்டுல, பேசத் தெரியாத பாஷையில, பத்து வாரம் எப்படி இருக்கப்போறேன்னு நினைச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. இப்படிப் போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

திருநகர் அண்ணன் | மே 9

தங்கச்சி, நான் மலாவியில ரெண்டு வருசம் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்தவன். தான்சானியாவை ஒட்டுன நாடு. பேச்சு வேற, சிச்சேவா. ஆனா பயிற்சிக் காலம்ங்கிறது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

பெட்டியை முதல்ல முடிச்சிடுவோம். புளி, வத்தல் கொஞ்சம் எடுத்துக்க. டார்ச் லைட் ரெண்டு. சேறுக்கும் கல்லுக்கும் தாங்குற செருப்பு ஒண்ணு. அம்மா படம், வீட்டுப் படம், மாடு நின்னா மாட்டுப் படம், எல்லாத்தையும் கடையில குடுத்து அச்சுப் போட்டு எடுத்துட்டுப் போ. போன்ல காட்டுனா பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்க. அச்சுப் படம்னா கையில வாங்கி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இது யாரு, இது யாரு"ன்னு கேப்பாங்க. எனக்கு முதல் பேச்சே அப்படித்தான் வந்துச்சு.

நான் செஞ்ச தப்பைச் சொல்றேன், நீ செய்யாத. சாயங்காலம் ஆனா ரூமுக்குள்ள போயி வீட்டுக்குப் போன் போட்டுருவேன். ரெண்டு மணி நேரம். அந்தக் குடும்பம் வெளியில அடுப்பைச் சுத்தி உக்காந்திருக்கும். தமிழ்ல பேசுறப்ப மட்டும்தான் நான் நானா இருந்தேன், அதை விட மனசு வரல. மூணாவது வாரம் அந்த வீட்டுப் பெரியவரு எங்க ஆசிரியர்கிட்டப் போயி, "பையனுக்கு எங்க மேல என்ன கோவம், நாங்க என்ன குறை வச்சோம்?"னு கேட்டிருக்காரு. பதினோரு வருசம் ஆச்சு, இன்னும் அந்தக் கேள்வி எனக்கு வலிக்குது. அன்னையில இருந்து அம்மாகிட்ட ஞாயித்துக்கிழமை மட்டும்னு சொல்லிட்டேன். முதல் ரெண்டு வாரம் அம்மா அழுதாங்க. அப்புறம் பழகிட்டாங்க, நானும் பழகுனேன்.

இன்னொண்ணு. நான் எம்.எஸ்ஸி. கணக்கு படிச்சவன். அங்க போனா மூணு வயசுப் பிள்ளை என் பேச்சைத் திருத்துது. தண்ணி எங்க இருக்குன்னு கேக்கத் தெரியல. பெரிய மனுசனாப் போயி கைப்பிள்ளை ஆயிட்ட மாதிரி இருக்கும். எனக்கு வீட்டு நினைப்பைவிட அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

செல்லூர் தறிக்காரன் | மே 10

தப்பா எடுத்துக்காதம்மா, மனசுல பட்டதைக் கேக்குறேன். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் கெணறு வத்திக் கிடக்கு. தோட்டம் போடவும் உரம் போடவும் சொல்லிக் குடுக்க அங்க ஆள் வேணாமா? காந்திகிராமம் நமக்கு ரொம்பத் தூரமில்ல. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல ஆரம்பிச்ச இடம். தொண்டு செய்யணும்னா அந்த மாதிரி இடத்துல செய்யலாமே. ஒத்தப் பொம்பளைப் பிள்ளை, அம்மாவைத் தனியா விட்டுட்டு, சம்பளமும் இல்லாம, கடல் தாண்டிப் போகணுமா? எனக்கும் ஒரு மக இருக்கா. அதனாலதான் கேக்குறேன்.

வாடிப்பட்டிப் பொண்ணு | மே 10

அண்ணே, கோவமெல்லாம் இல்ல. எங்க பெரியப்பாவும் இதேதான் கேட்டாரு.

அஞ்சு வருசம் இங்கதான் செஞ்சேன், திரும்பி வந்தாலும் இங்கதான் செய்யப்போறேன். ஆனா ஒரு விசயம் என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்க ஊருக்கு அதிகாரிங்க வருவாங்க. சேர்ல உக்காந்து, கீரை சாப்பிடுங்க, சத்துன்னு சொல்லிட்டுப் போவாங்க. எங்க அம்மா தினமும் வரப்புக் கீரைதான் பறிச்சிட்டு வரும், அது அவங்களுக்குத் தெரியாது. போன வருசம் ஒரு குழுக் கூட்டத்துல நானும் சேர்ல உக்காந்து அதே மாதிரிப் பேசிக்கிட்டு இருந்தேன். ஒரு அப்பத்தா என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. பாதியில நிறுத்திட்டேன்.

ஒண்ணும் தெரியாதவளா ஒரு இடத்துல போயி உக்காந்து கத்துக்கிடணும்னு தோணுச்சு. இங்க என்னால அது முடியாது. மேடம்னு கூப்பிட்டுச் சேர் போட்டுருவாங்க. அம்மாகிட்ட இதைச் சொன்னேன். போயிட்டு வான்னு சொல்லிட்டாங்க.

பழங்காநத்தம் வாத்தியார் | மே 11

அன்புள்ள மகளுக்கு,

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பிறந்தது மேலூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். 1967 வாக்கில் எங்கள் ஊருக்கு ஓர் அமெரிக்க இளைஞர் வந்து தங்கினார். பீஸ் கோர் என்ற தொண்டர் அமைப்பு. கென்னடி 1961-இல் தொடங்கியது. இந்தியாவில் 1976 வரை இருந்தார்கள். அந்த அமைப்பு முதன்முதலாக ஆள் அனுப்பிய நாடுகளில் ஒன்று டாங்கனிக்கா. நீ போகவிருக்கும் தான்சானியாவின் பெருநிலப் பகுதிதான் அது.

அவர் வந்தது கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுக்க. கொட்டகைத் தரையில் உமி பரப்பி வளர்ப்பது, ஆழ்கூள முறை என்று நோட்டில் படம் வரைந்து வைத்திருப்பார். ஊரில் ஒருவரும் அவரிடம் போகவில்லை. எங்களுக்கோ கோழி என்றால் குப்பையைக் கிளறித் தானே வளர்வது. அதற்குப் பாடம் எதற்கு? அவர் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பார். நாங்கள் ஏழெட்டுப் பையன்கள் வேடிக்கை பார்க்கப் போவோம். ஒருநாள் காலடியில் கிடந்த கல்லை எடுத்துக் காட்டி, "என்ன?" என்றார். "கல்லு" என்றோம். மரத்தைக் காட்டினார், மாட்டைக் காட்டினார், தன் மூக்கைக் காட்டினார். பொழுது சாயும்வரை நடந்தது. மறுநாள் நாங்களே பொருள்களைத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு மாதத்தில் எங்களைப் போலவே பேசினார். பிள்ளைகளைத் தேடித்தான் தாய்மார்கள் அந்தத் திண்ணைக்கு வந்தார்கள். கோழிப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

அந்த வயதில் ஒரு பெரியவருக்கு நான் ஆசிரியனாக இருந்தேன் என்ற பெருமைதான் பின்னாளில் என்னை வாத்தியார் ஆக்கியது என்று நினைக்கிறேன். போகிற இடத்தில் பிள்ளைகளிடம் கேள். அவர்கள் சலிக்கமாட்டார்கள்.

செல்லூர் நண்பருக்கு: காந்திகிராமத்தை நினைவுபடுத்தியது நல்லது. அந்த வட்டாரத்தில் கெய்த்தான் என்றொரு அமெரிக்கர் வாழ்நாளெல்லாம் உழைத்தார். மதுரைக்கு மதப்பணியாளராக வந்தவர். காந்தியின் பக்கம் நின்றதற்காக ஆங்கில அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. திரும்பி வந்து இங்கேயே வாழ்ந்து முடிந்தார். உங்கள் ஊரில் வேலை இல்லையா என்று அவரை இங்கே யாராவது அனுப்பிவிட்டிருந்தால் இழப்பு நமக்குத்தான்.

அனுப்பானடி நர்ஸ் | மே 12

மருந்து பத்தி மட்டும் சொல்றேன் அக்கா. மலேரியாத் தடுப்பு மாத்திரை எது ஒத்துக்கும்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும், நீங்களா வாங்காதீங்க. டாக்ஸிசைக்ளின் குடுத்தாங்கன்னா தினமும் சாப்பாட்டோட, ஒரு முழு டம்ளர் தண்ணியோட போட்டுட்டு உடனே படுக்காதீங்க, நெஞ்சைப் புண்ணாக்கிரும். வெயில் பட்டாத் தோல் எரியும். கிளம்புறதுக்கு ஓரிரு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் 4 வாரம் விடாமப் போடணும். மெஃப்ளோக்வின் வாரம் ஒரு தடவைதான், ஆனா சிலருக்குக் கெட்ட கனவு, மனப் பதற்றம் வரும். முன்னாடி மனசுக்கு மருந்து எடுத்திருந்தா மறைக்காமச் சொல்லிருங்க.

மஞ்சள் காய்ச்சல் ஊசி வேணுமான்னு அமைப்புல கேளுங்க. விமானம் எந்த ஊர் வழியா மாறுதுங்கிறதும் முக்கியம். ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும், அதனால கடைசி வாரத்துக்குத் தள்ளாதீங்க. மலேரியா கொசு பொழுது சாஞ்சதுல இருந்து விடியற வரைக்கும் கடிக்கும். வலைக்குள்ளதான் தூங்கணும், வலையோட விளிம்பை மெத்தைக்கு அடியில சொருகிருங்க.

அண்ணா நகர் அம்மா | மே 14

பாப்பா, நான் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்ல. ஆனா உனக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணு இருக்கு.

எங்க வீடு மதுரை அண்ணா நகர்ல. மாடியில ரெண்டு ரூம் வாடகைக்கு விடுறோம். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி பக்கத்துல. டாக்டர் வெங்கடசாமி 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது, இன்னிக்கு எந்தெந்த நாட்டுல இருந்தோ பயிற்சிக்கு வர்றாக. அப்படி ஒரு தடவை ஒரு தான்சானியாப் பிள்ளை வந்து எங்க மாடியில ஆறு வாரம் இருந்தா. கண் நர்ஸ். முப்பது வயசு இருக்கும். ஊர்ல ஒரு சின்ன மகனை விட்டுட்டு வந்திருந்தா.

சாப்பாடு எங்க வீட்டுலதான். கீழ வந்து வாசல்ல நின்னு "ஹோடி"ன்னு ஒரு சத்தம் குடுப்பா. நான் எட்டிப் பாத்துச் சிரிச்சிட்டு வேலையைப் பாப்பேன். அவ அங்கேயே நிப்பா. உள்ள வர இஷ்டமில்லபோலன்னு நினைச்சுக்கிட்டேன். பின்னாடிதான் தெரிஞ்சது, வீட்டுக்காரி "கரிபு"ன்னு சொன்னாத்தான் அவுக ஊர்ல உள்ள வருவாகளாம். நான் ஒரு வாரமா அந்தப் பிள்ளையை வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கேன் பாரு.

நானும் அவளை ராணி மாதிரி வச்சேன். சேர் போட்டு, தட்டுல வச்சு, நானே பரிமாறி, கையலம்பத் தண்ணி குடுத்து. அவ தலையைக் குனிஞ்சு சாப்பிட்டுட்டு மேல போயிருவா. நாளுக்கு நாள் மெலிஞ்சா. குழம்பு உறைக்குதோன்னு காரத்தைக் குறைச்சேன். மாறல.

ஒரு ஞாயித்துக்கிழமை எங்க நாத்தனார் வீட்டு வளைகாப்புக்கு நாலு கிலோ சின்ன வெங்காயம் உரிக்க உக்காந்திருந்தேன். அவ வந்தா, பாத்தா. நான் எந்திரிக்கிறதுக்குள்ள தரையில சம்மணம் போட்டு உக்காந்து கத்தியை எடுத்துட்டா. வேணாம்மா வேணாம்மான்னு கையைப் பிடிச்சேன். கையை விடுவிச்சுக்கிட்டு உரிச்சா. கண்ணுல தண்ணி ஊத்துது, வெங்காயத்துக்கா வேற எதுக்கான்னு தெரியல, ரெண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே உரிச்சு முடிச்சோம்.

அடுத்து தேங்காய். அருவாமனை நுனியில இருக்கிற துருவுபல்லைப் பாத்ததும் அவ முகமே மாறிப்போச்சு. அதைத் தொட்டுத் தொட்டு "ம்புஸி, ம்புஸி"ங்கிறா. போன்ல படம் எடுத்துக் காட்டுறா. பாத்தா, மரத்துல மடக்குற மாதிரி ஒரு குட்டி ஸ்டூல், முன்னாடி பல் வச்ச இரும்பு. அது மேல உக்காந்து அவுக அம்மா தேங்காய் துருவுறாக. ம்புஸின்னா ஆடாம். நாலு காலும் நீட்டுன கழுத்துமா இருக்கிறதால அப்படிப் பேராம். அன்னிக்கு ரெண்டு தேங்காயையும் அவதான் துருவுனா. நான் துருவுறதைவிடப் பொடியா, ஓடு ஒட்டாம.

அதுல இருந்து அவ எங்க வீட்டுப் பிள்ளை. என்னை "மாமா"ன்னு கூப்பிட்டா, அவுக பாஷையில மாமான்னா அம்மாவாம். எங்க வீட்டுக்காரருக்கு அது பழகவே ஒரு வாரம் ஆச்சு. நான் அடுப்படியில கையைச் சுட்டுக்கிட்டா "போலே மாமா"ம்பா. துணி துவைச்சு நிமிந்தா "போலே மாமா". வலிக்குதா, கஷ்டப்படுறியேன்னு எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தை. நமக்கு அப்படி ஒரு வார்த்தை இல்லையேன்னு நான் ஏங்குனதுண்டு.

பாப்பா, நான் பத்து நாள் அவளுக்கு மரியாதை பண்ணேன், அவ வாடிப்போனா. ஒரு வேலை கையில கிடைச்சதும் சாப்பிட ஆரம்பிச்சா. நீ போற வீட்டுக்காரியும் உன்னைச் சேர்லதான் உக்கார வைப்பா, அவளும் என்னை மாதிரிப் பொம்பளைதானே. நீதான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போகணும். அந்த ஆடு எங்க இருக்குன்னு கேளு.

வாடிப்பட்டிப் பொண்ணு | ஜூன் 3

நாளைக்குக் கிளம்புறேன். படமெல்லாம் அச்சுப் போட்டாச்சு, அம்மா படம் ரெண்டு. அண்ணா நகர் அம்மா எழுதுனதை எங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். அந்தப் பிள்ளையோட மகன் எப்படி இருக்கான்னு கேட்டாங்க.

வாடிப்பட்டிப் பொண்ணு | ஜூலை 1

நாலாவது வாரம் நடக்குது. இன்னிக்குத்தான் எழுதத் தெம்பு வந்துச்சு.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். உளுகுரு மலை அடிவாரம். இப்ப இங்க குளிர்காலம், காலையில நம்ம சிறுமலைக் குளிர். வீட்டுல மாமா, அவங்க அம்மா, மூணு பிள்ளைங்க. பாட்டியைப் பீபின்னு கூப்பிடணும். இந்த மலை மக்கள் லுகுரு இனம், தாய்வழிச் சொத்து. நிலம் பீபியோட கிளைக்குச் சொந்தம். நிலத்தைப் பத்தி எது பேசினாலும் எல்லாரும் பீபி முகத்தைப் பாக்குறாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.

வாளித் தண்ணியில குளியல், கரண்ட் போறது, கையால சாப்பிடுறது, இதெல்லாம் எனக்குப் புதுசில்ல. உகாலி மக்காச்சோள மாவுல கிண்டுன களி. உருட்டி, கட்டை விரலால குழி பண்ணி, கீரையைத் தொட்டுச் சாப்பிடணும். எங்க அப்பத்தா கேப்பைக் களியை அப்படித்தான் சாப்பிடும். ம்ச்சிச்சான்னு ஒரு கீரை, பாத்தா நம்ம தண்டுக்கீரை. டகான்னு குட்டிக் கருவாடு, நெத்திலி மாதிரி.

பெரியவங்களைப் பாத்தா "ஷிகமூ" சொல்லணும், அவங்க "மரஹபா"ம்பாங்க. காலையில வகுப்புக்குப் போறதுக்குள்ள இருபது பேருக்காவது சொல்றேன். ஒருத்தரை விட்டாலும் ராத்திரி மாமா காதுக்கு வந்துருது.

இனி கஷ்டம். தெருவுல பிள்ளைங்க "முஹிந்தி, முஹிந்தி"ன்னு கூப்பிடுதுங்க. இந்தியாக்காரின்னு அர்த்தம். இங்க டவுன்ல தலைமுறை தலைமுறையா குஜராத்திக்காரங்க கடை வச்சிருக்காங்க, கடைக்கே "டூகா"ன்னு பேரு, இந்தியில சொல்ற துக்கான் மாதிரியே. அதனால என்னைப் பாத்தா எந்தக் கடைன்னு கேக்குறாங்க. நானும் இவங்களை மாதிரிக் காட்டுல நின்னு வளந்தவன்னு சொல்ல எனக்கு வார்த்தை வரல. ஊர்ல என்னைக் கருப்பின்னு சொன்னாங்க. இங்க ஒரு குட்டிப் பொண்ணு என் கையைத் தேச்சுப் பாத்துட்டு வெள்ளைங்குது.

நேரம் வேற. போன சனிக்கிழமை குழுக் கூட்டம் "ஸா நானே"ன்னாங்க. நானேன்னா எட்டு. எட்டு மணிக்கே போயி மாமரத்தடியில உக்காந்தேன். யாரும் வரல. என்னை வேணாம்னு கூட்டத்தை மாத்திட்டாங்கபோலன்னு நினைச்சு அங்கேயே அழுதுட்டேன். மதியம் ரெண்டு மணிக்கு எல்லாரும் வந்தாங்க. இவங்களுக்கு விடிஞ்சதுல இருந்துதான் மணிக்கணக்கு, ரெண்டு மணிதான் எட்டாவது மணி.

எல்லாத்தையும்விட, என்னை ஒரு வேலையும் செய்ய விடமாட்டேங்குறாங்க. தட்டைக் கழுவப் போனா மாமா வாங்கிடுறாங்க. "ம்கெனி"ங்கிறாங்க. விருந்தாளி. அந்நியருக்கும் அதே வார்த்தைதான்னு வகுப்புல சொன்னாங்க. அன்னையில இருந்து அது என் காதுல வேற மாதிரி விழுது. அண்ணா நகர் அம்மா சொன்னது ஞாபகம் இருக்கு, ஆனா பிடுங்கிச் செய்யுற தைரியம் வரல. நேத்து ராத்திரி திரும்பிப் போயிடலாமான்னு பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அம்மாவுக்கு வீடியோ கால் எடுக்கத் தெரியல. எடுத்தா சீலிங் ஃபேன்தான் தெரியுது.

திருநகர் அண்ணன் | ஜூலை 1

நாலாவது வாரம்தான் அடி ஆழம். எனக்கும் அதே வாரம்தான். 1960-ல கலெர்வோ ஓபெர்க்னு ஒரு மானிடவியல் அறிஞர் இதை எழுதி வச்சிருக்காரு: முதல்ல எல்லாம் அழகாத் தெரியும், அப்புறம் எல்லாமே கசக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் தெளியும்னு. எங்க பயிற்சியில அதைக் கோடு போட்டுக் காட்டுனாங்க. அன்னிக்கு அது எனக்கு ஒத்தாசையா இல்ல, பள்ளத்துல நிக்கிறவனுக்குக் கோட்டைக் காட்டி என்ன செய்ய? ஆனா இது உன் குறையில்ல, வர்ற எல்லாருக்கும் வர்றதுன்னு தெரிஞ்சுக்க. பெட்டியை மூடி கட்டிலுக்கு அடியில தள்ளிரு. கண்ணுல படக்கூடாது.

மேலூர்ப் பெத்தவ | ஜூலை 1

எம்மகன் சிங்கப்பூர்ல. இதுவரை இங்க எதுவும் எழுதுனதில்ல, வாசிக்க மட்டும் செய்வேன். சாப்பிட்டுத் தூங்கு ஆத்தா.

பழங்காநத்தம் வாத்தியார் | ஜூலை 2

மகளே, நீ மரத்தடியில் அழுதாய் என்று படித்ததும் எனக்குத் தாங்கவில்லை.

அந்த மணிக்கணக்கு உனக்கு அந்நியமானதன்று. நம் முன்னோரும் நாளை விடியலில் இருந்துதான் எண்ணினார்கள். நாள் ஒன்றுக்கு 60 நாழிகை, நாழிகை 24 நிமிடம். என் பாட்டனார் "உதிச்சு அஞ்சு நாழிகை" என்பார். எட்டு மணி என்று பொருள். அங்கே அதை "ஸா ம்பிலி", இரண்டாம் மணி, என்பார்கள் அல்லவா? கடிகாரத்தைப் பார்க்காதே. சூரியனைப் பார்த்துச் சொல், தவறாது.

நீ போனதில் இருந்து நானும் சுவாஹிலி இலக்கணம் கொஞ்சம் படிக்கிறேன். "நினாசோமா" என்றால் படிக்கிறேன். நி என்பது நான், நா என்பது நிகழ்காலம், சோமா என்பது படி. நம் சொல்லைப் பிரித்துப் பார்: படி, கிறு, ஏன். வினை, காலம், ஆள். அதே மூன்று மணிகள், எதிர்ப்புறத்தில் இருந்து கோத்திருக்கிறார்கள். ஆங்கிலம் வழியாக மொழிபெயர்க்காதே. தமிழ்ச் சொல்லை வாலில் இருந்து தலைக்குப் படித்தால் அவர்கள் சொல் வந்துவிடும்.

இன்னொன்றும் கண்டேன். "ம்கெனி ஸிகு ம்பிலி, ஸிகு யா தாத்து ம்பே ஜெம்பே." விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் மண்வெட்டியைக் கொடு. பழைய பழமொழி. அவர்களுடைய முதல் தலைவர் ஜூலியஸ் நைரேரே, அவரும் ஆசிரியர்தான், எடுத்துச் சொன்னது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வோமே. நாம் நிறுத்திய இடத்துக்கு அப்பால் அவர்கள் கையில் மண்வெட்டியும் கொடுத்திருக்கிறார்கள். இதை உன் பீபியிடம் சொல்லிப் பார்.

அண்ணா நகர் அம்மா | ஜூலை 2

வாத்தியார் ஐயா சொன்னதைச் செய் பாப்பா. ஆட்டையும் மறக்காத.

செல்லூர் தறிக்காரன் | ஜூலை 2

தங்கச்சி, எங்க சின்னம்மா வீடு வாடிப்பட்டியிலதான். அம்மா சம்மதிச்சா வீட்டு அடையாளத்தைத் தனிச் செய்தியில அனுப்பு. ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரியும் போயி போன் பேசப் பழக்கிவிட்டு வர்றோம். நான் முதல்ல கேட்டது கேட்டதுதான். ஆனா போன பிள்ளை நடுவுல மனசு ஒடிஞ்சு வரக்கூடாது.

வாடிப்பட்டிப் பொண்ணு | ஆகஸ்ட் 6

ஒன்பதாவது வாரம். அடுத்த வியாழக்கிழமை தேர்வு.

மன்னிச்சிருங்க, ஒரு மாசமா எழுதல. சாயங்காலம் வேலை சரியா இருக்கு.

வாத்தியார் ஐயா எழுதுன மறுநாள் காலையில கஞ்சி குடிக்கிறப்ப பீபிகிட்டச் சொன்னேன். சொல்லை மனப்பாடம் பண்ணி, எந்திரிச்சு நின்னு சொன்னேன். "ஸிகு யா தாத்து ம்பே ஜெம்பே." அப்புறம் விரலை விட்டு எண்ணிக் காட்டுனேன், நான் வந்து இருபத்தெட்டு நாள், என் ஜெம்பே எங்க? பீபி கஞ்சிக் கோப்பையைக் கீழ வச்சிட்டுச் சிரிச்சாங்க பாருங்க, இருமல் வந்துருச்சு. மாமா ஓடி வந்தாங்க. பீபி அவங்களைப் பிடிச்சு ஏதோ வேகமாச் சொன்னாங்க, எனக்குப் பாதிதான் புரிஞ்சது. அன்னிக்கு வகுப்பு முடிஞ்சு வந்தப்ப என் ரூம் கதவுல ஒரு மண்வெட்டி சாத்தி வச்சிருந்துச்சு.

ஜெம்பே நம்ம மண்வெட்டியைவிடக் காம்பு நீளம். நான் பிடிச்ச பிடியைப் பாத்து பீபி வந்து என் கையை மாத்தி வச்சாங்க. அரை மணி நேரத்துல கொப்புளம். "போலே"ன்னாங்க. அண்ணா நகர் அம்மா, அந்த வார்த்தையை என்கிட்டச் சொல்றப்ப எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

சோளக்கொல்லைக்குள்ள அவரையும் பூசணியும் சேத்து விதைக்கிறாங்க. அடிக்கட்டையை எரிக்கக்கூடாது, அதையே மண்ணு மேல மூடாக்காப் பரப்பணும்னு சொல்ல வாயெடுத்தேன். பேச்சு வராததால நின்னுபோச்சு. பீபி எந்தக் கட்டையை எரிக்கிறாங்க, எதை எரிக்கலைன்னு ரெண்டு வாரம் கூடவே நின்னு பாத்தேன். பூச்சி துளைச்சதை மட்டும் எரிக்கிறாங்க, மத்ததையெல்லாம் மண்ணுக்கே விட்டுடுறாங்க. பேசத் தெரிஞ்சிருந்தா முதல் நாளே பீபிக்குப் பாடம் எடுத்திருப்பேன்.

ஆடு கிடைச்சிருச்சு அம்மா. அடுப்படி மூலையில மடக்கி வச்சிருந்துச்சு. உக்காந்து துருவ நமக்குச் சொல்லியா குடுக்கணும். மாமா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுனாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை தேங்காய் என் பொறுப்பு. என் புளியைப் போட்டு ஒருநாள் டகாக் குழம்பு வச்சேன், காரம் தாங்காம பிள்ளைங்க தண்ணியாக் குடிச்சுதுங்க, பீபி மட்டும் மறுபடி கேட்டு வாங்கினாங்க. "முஹிந்தி" இன்னும் கேக்குது. எங்க வீட்டுப் பிள்ளைங்க இருந்தா என் பேரைச் சொல்லித் திருத்துதுங்க.

அம்மாவோட அச்சுப் படத்தை பீபி வாங்கி சுவத்துல மாட்டிட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை அதைப் பாத்துட்டு என்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டாங்க. உங்க அம்மாவும் நானும் போன்ல பாத்துக்கிட்டா யாரு யாருக்கு முதல்ல ஷிகமூ சொல்லணும், அவங்களுக்கு என்ன வயசுன்னு. அம்மாவுக்கு 58. பீபிக்கு 74. அம்மாதான் சொல்லணும். செல்லூர் அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்க போறப்ப அம்மாவுக்கு இதைக் கொஞ்சம் சொல்லிக் குடுக்க முடியுமா?

செல்லூர் தறிக்காரன் | ஆகஸ்ட் 9

போயிட்டு வந்துட்டோம் தங்கச்சி. அம்மா நல்லா இருக்காக. எங்களுக்கு மோர் வத்தல் குடுத்துவிட்டாக. ஃபேன் தெரியாம மூஞ்சி தெரியுற மாதிரி போனைச் சொம்புல சாத்தி வைக்கப் பழக்கியாச்சு. ஷிகமூவை என் மக ஒரு தாள்ல எழுதி அலமாரிக் கதவுல ஒட்டியிருக்கா. அம்மா நாங்க கிளம்புற வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பாத்தாக. அந்தப் பாட்டி பதிலுக்கு என்ன சொல்லும், நான் புரிஞ்சுக்கணும்லன்னு கேக்குறாக.

வாடிப்பட்டிப் பொண்ணு | ஆகஸ்ட் 9

மரஹபான்னு சொல்வாங்க அண்ணே. ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடுறேன், இங்க அப்ப ஆறு மணி. பீபி இப்பவே புதுத் துணி கட்டிட்டாங்க.